ஒன்பதாவது கட்டம்

ஞாயிறு, காலை டீக்குப் பிறகு

என் வீட்டு சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

இருபத்திரண்டு வருஷமாக உன் கீழே சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் தொழிலாளி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தையல் மெஷினும் சௌக்கியம். மெஷினுக்குத் தினமும் துணி போர்த்துகிறேன், எனக்குத்தான் போர்த்த ஆள் இல்லை. அங்கே நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் படுக்கையிலிருக்கும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று இந்நேரம் உன் இடது புருவம் மேலே ஏறியிருக்கும். இறக்கு. என் போன் கம்பெனியில் பசை டிரம்முக்குள் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். காதில் வைத்தால் காதோடு ஒட்டுகிறது. பேசுவது மட்டும் இல்லை. அதனால் அஞ்சாவதோடு நின்ற என் படிப்பை நம்பி பேனாவை எடுத்துவிட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னித்துக்கொள். கணக்குப்பிழை இருக்காது.

முதலில் நல்ல செய்தி. பஸ் ஸ்டாப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு அடுத்து, நீ போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பாயே, பச்சை ஷட்டர் போட்ட கடை, அது காலியாகிவிட்டது. உள்ளே போய் என் காலாலேயே அளந்தேன். பதினாலு அடி நீளம், எட்டு அடி அகலம். உன் மெஷின் வாசல் வெளிச்சத்தில். புதிதாக வாங்கப்போகும் மெஷின் அதற்குப் பின்னால். மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு நான் பட்டன் தைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் வாயடிப்பேன். கடைச் சொந்தக்காரர் அடுத்த மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்கிறேன் என்றார். அதற்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

நாம் பேசியபடி என் சேமநிதிப் பணத்தை எடுத்தால் முன்பணமும் ஆகும், இரண்டாவது மெஷினும் ஆகும். நீயும் அடுத்தவர் வீட்டு அம்மாவைத் தூக்கிப் படுக்கவைப்பதை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்து சேரலாம். ஆனால் பணம் முழுசாக வரவேண்டும். அதில்தான் சந்தேகம்.

விஷயம் இது. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எனக்கு நாலு வருஷம் எட்டு மாதம் முடிந்திருக்கிறது. அஞ்சு வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டு சேமநிதியை எடுத்தால் வரி பிடிப்பார்களாம். அஞ்சு முடிந்து எடுத்தால் வரி கிடையாதாம். என் காசு, என் வேர்வை, நாலு மாதம் முன்னால் எடுத்தால் மட்டும் எப்படி வேறு காசாகிவிடும்? இதைச் சொன்னவன் ஆபீஸ் கிளார்க். அவனுக்கு நாங்கள் வைத்த பேர் கொக்கு. கழுத்து நீளம், அதோடு நாள் முழுக்க ஒரே காலில் நிற்கிற மாதிரி ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருப்பான். தன் பேனாவை நூல் போட்டு மேஜையில் கட்டி வைத்திருக்கிறவன். அப்படிப்பட்டவன் எனக்காக இவ்வளவு அக்கறையாகப் பேசினால் சந்தேகம் வராதா?

பழைய தகர டப்பா கம்பெனிக் கணக்கை இதோடு சேர்த்தால் பதினஞ்சு வருஷம் தாண்டிவிடும், வரி என்ற பேச்சே இல்லை என்றும் அவனே சொன்னான். ஆனால் அங்கே என் பிறந்த வருஷம் வேறு, இங்கே வேறு. உனக்குத்தான் தெரியுமே. நாற்பத்தஞ்சுக்கு மேல் ஆள் எடுக்க மாட்டோம் என்று அட்டைக் கம்பெனி கேட்டிலேயே எழுதிப் போட்டிருந்தான். எனக்கு நாற்பத்தேழு. மூன்றைக் குறைத்துச் சொன்னேன். அதனால் இன்றைக்கு டப்பா கம்பெனிக்காரனுக்கு வயசு ஐம்பத்திரண்டு, அட்டைக் கம்பெனிக்காரனுக்கு நாற்பத்தொன்பது. நீ இவர்களில் யாரோடு குடும்பம் நடத்துகிறாய் என்று நீயே யோசித்துக்கொள். யாரோ தப்பாக எழுதியதுபோலக் கேட்டுப் பார்த்தேன், இதைத் திருத்த எட்டு மாதம் ஆகும் என்கிறான் கொக்கு. திருத்தப் போனால் பொய் சொன்னது மேனேஜர் காதுக்கும் போகும்.

மேனேஜர் சங்கதி தனி. என் வெட்டு மெஷினை விற்றுவிட்டார்கள். புதுசு தானே வெட்டி தானே அடுக்குகிறது. டீ மட்டும்தான் குடிப்பதில்லை. என்னை அட்டைக்கட்டு தூக்கி இரண்டு மாடி ஏற்றும் வேலையில் போட்டார்கள். எனக்கு அலுத்துவிட்டது, வேலையை விடலாம் என்று இருக்கிறேன். அது தெரிந்ததும் மேனேஜர் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார். நாலு வருஷத்தில் முதல் நாற்காலி. "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்தை நாங்க எழுதிக்கறோம்" என்று ஒரு தாளை நீட்டினார். மேலே பாதி வெள்ளைத்தாள். எழுந்து, நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, "எங்க வீட்டு சூப்பர்வைசரக் கேக்காம நான் காலித்தாள்ல கையெழுத்துப் போடுறதில்ல சார்" என்று வந்துவிட்டேன். எப்படி என் சாமர்த்தியம்?

இப்போது உன் வேலை. சேமநிதியை மொத்தமாக எடுக்க வேண்டுமென்றால் எங்கள் ஆபீஸ் வழக்கப்படி மனைவியும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் நீ கையெழுத்துப் போடு. ஒன்பதாவது கட்டம் காலியாக இருக்கும். வேலையை விடும் காரணம் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. இங்கே நான் நிரப்பிக்கொள்கிறேன். கையெழுத்தை மட்டும் போட்டுச் சீக்கிரம் அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. அந்த அம்மாவைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு.

உன் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
தொழிலாளி


புதன், மத்தியானம்

கோபமாக இருக்கும் சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

நீ அனுப்பிய கவர் கிடைத்தது. பிரிக்கும்போதே சூடாக இருந்தது. படிவம் போன மாதிரியே திரும்பி வந்திருக்கிறது, உன் கையெழுத்து இல்லாமல். காலித்தாளில் கையெழுத்துப் போடாத கெட்டிக்காரன் தன் பெண்டாட்டியிடம் மட்டும் காலித்தாள் நீட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். என் சாமர்த்தியத்தை நானே எழுதி அனுப்பி நானே மாட்டிக்கொண்டேன். உன் ஸ்தானத்தில் நான் இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். பணத்தை என் தம்பிக்கு வண்டி வாங்கக் கொடுக்கப்போகிறேனா? இல்லை. அவன் கேட்டதே இல்லை. நீ இப்படி எழுதியது தெரிந்தால்தான் கேட்பான். கேன்டீனில் புதிதாக வந்திருக்கிறாள் என்று நானே முன்பு போனில் சொன்னேனே, அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவளுக்குப் பேரன் இருக்கிறான். அதோடு என்னைத் "தாத்தா"வென்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்கு மட்டும் எந்தக் கம்பெனி வயசைச் சொன்னேனோ தெரியவில்லை.

பசை டிரம்மில் போட்ட போன் இன்னுமா காயவில்லை, கடையில் கொடுத்தால் ஒரே நாளில் சரியாகுமே என்று கேட்டிருக்கிறாய். போனவாரம் பக்கத்து வீட்டு போனிலிருந்தாவது பேசியிருக்கலாமே என்றும். பேசியிருக்கலாம்தான். பேசவில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

ஒன்பதாவது கட்டம். சரி, உண்மையை எழுதிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில்தான் வரியே இருக்கிறது. "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று எழுதினால், அஞ்சு வருஷம் ஆகாததால் வரி பிடிப்பார்கள். கம்பெனியை மூடினாலோ, வேலைக்காரனுக்கு உடம்பு முடியாமல் போய் வேலையை விட்டாலோ அஞ்சு வருஷம் ஆகாவிட்டாலும் வரி கிடையாது. மேனேஜர் நீட்டிய தாளில் காலியாக இருந்த இடத்தில் என்ன வந்திருக்கும் என்று இப்போது புரிகிறதா? சொந்த விருப்பம் என்று அவரே எழுதிக்கொள்வார். அவருக்கென்ன லாபம் என்று கொக்கிடம் கேட்டேன். "உடம்பு முடியலன்னு எழுதினா எதனால முடியலன்னு கேள்வி வரும்ல அண்ணே. ரெண்டு மாடி, லிஃப்ட் ரிப்பேரு, எல்லாம் வரும்" என்றான். அதைக் கேட்டபின் லிஃப்டைப் பார்த்தேன். ஏழு மாதமாக அதில் துடைப்பங்கள்தான் குடியிருக்கின்றன.

ஆகவே கொக்கு ஒரு யோசனை சொன்னான். உடல்நலக் குறைவு என்று எழுதி, டாக்டர் சர்டிபிகேட் ஒன்று வாங்கி வைத்துவிட்டால் பணம் முழுசாக வரும். சர்டிபிகேட்டுக்கும் அவனே வழி பண்ணினான். எல்லாரும் செய்கிறதுதான். நீ கேட்டபடி ஒன்பதாவது கட்டத்தை நிரப்பி, சர்டிபிகேட் நகலையும் சேர்த்து அனுப்புகிறேன். அதில் இதயம், சதவீதம் என்று என்னென்னவோ எழுதியிருக்கும். பயப்படாதே. வரிக்காரனைப் பயமுறுத்த எழுதியது. உனக்காக எழுதியதில்லை. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

கொக்குக்கு இதில் என்ன கமிஷனோ, அதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. இதுவரைக்கும் ஒரு டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை. காசு கேட்கிறவனை நம்பலாம், கேட்காதவன்தான் பிற்பாடு பெரிதாகக் கேட்பான் என்று கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன்.

கடைக்காரர் நேற்று மறுபடி கேட்டார். வேறு ஒருத்தர் செருப்புக்கடை வைக்க வந்து பார்த்தாராம். உன் மெஷின் நிற்கவேண்டிய இடத்தில் செருப்பு அடுக்கியிருப்பதை நினைத்துப் பார். சீக்கிரம் கையெழுத்துப் போடு.

கோபத்தைக் குறைத்துக்கொண்டு சாப்பிடு. கோபமாகச் சாப்பிட்டால் உனக்கு விக்கல் வரும்.

சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட,
உன் தொழிலாளி


சனி, காலை, ஆபீஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து

அன்புள்ள உனக்கு,

சூப்பர்வைசர் என்று இந்தத் தடவை கூப்பிடக் கை வரவில்லை.

உன் பதில் வந்தது. இரண்டாவது தடவையும் படிவத்தில் கையெழுத்து இல்லை. பின்பக்கத்தில் பென்சிலால் நீ எழுதியதைப் படித்தேன். உனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் திருப்பி எழுதுகிறேன். "மூணு வயசு குறைச்சுச் சொன்னதுக்கு அஞ்சு வருஷமா போஸ்ட்மேன் வந்தாலே கதவுக்குப் பின்னால ஒளியிறீங்க. நீங்க பொய் சர்டிபிகேட் வாங்கி அரசாங்கத்துக்கு அனுப்புவீங்களா? அதுக்குத் தைரியம் வேணும், அது உங்ககிட்ட கிடையாது. அப்படின்னா அந்த சர்டிபிகேட் நிஜம். எத்தனை நாளா?"

கேஸ் முடிந்தது. உன்னைப் போலீஸில் சேர்த்திருக்க வேண்டும், தையலில் வீணாகப் போய்விட்டாய்.

நிஜம்தான். இரண்டு மாதமாக.

அட்டைக்கட்டு தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போகும்போது மூன்றாம் படியிலேயே மூச்சு முட்டும். வயசுதான் என்று நினைத்தேன், எந்த வயசு என்று மட்டும் தெரியவில்லை. ஒருநாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கட்டு உருண்டு கீழே போனது. மேனேஜர் வந்து கட்டின் ஓரம் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். கொக்கு வந்து என்னைப் பார்த்தான். தன் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தான். அந்த டம்ளரை அவன் யாருக்கும் தரமாட்டான் தெரியுமா? அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. கொக்கு டம்ளர் தருகிற அளவுக்கு நம் நிலைமை மோசமா என்று.

அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா மார்பில் குளிர்ச்சியாக எதையோ தடவி டிவி மாதிரி ஒன்றில் படம் காட்டினார். என் இதயம் அதில் சோம்பேறியாக அசைந்துகொண்டிருந்தது. இரத்தத்தைத் தள்ளவேண்டிய அளவில் பாதியைத்தான் தள்ளுகிறதாம். ஒரு குழாய் அடைத்திருக்கிறதாம். "உங்க வயசென்ன?" என்று கேட்டார். எதைச் சொல்வது என்று முழித்தேன். "இதயத்தைப் பாத்தா எழுபது மாதிரி இருக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். ஆக, எனக்கு இப்போது மூன்று விதமான வயசு.

சிரித்தாயா? சிரிக்கவில்லை என்று தெரியும். பாரம் தூக்கக்கூடாது, மாடி ஏறக்கூடாது, அடைப்பை எடுத்துவிட்டால் உட்கார்ந்து செய்யும் வேலை நன்றாகப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. செலவு தொழிலாளர் மருத்துவத் திட்டத்தில் போய்விடும். கடைப்பணத்தில் கை வைக்க வேண்டியதில்லை. இதை மூன்று தடவை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன், என் குணம் உனக்குத் தெரியுமே.

அலுத்துப்போய் வேலையை விடுகிறேன் என்று எழுதியது பொய். போன் பசையில் விழவில்லை. அலமாரியில் உன் நூல்கண்டுகளுக்குப் பின்னால் அணைத்து வைத்திருக்கிறேன். நான்கு வார்த்தை பேசினாலே நடுவில் மூச்சு வாங்குகிறது. நீ என் முதல் "ஹலோ"விலேயே கண்டுபிடித்து, அந்த அம்மாவை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பி வருவாய் என்று பயந்தேன். கடிதத்தில் மூச்சு வாங்குவது தெரியாது என்று நினைத்தேன்.

ஒரு பாவத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கொக்கு பொய் சர்டிபிகேட் வாங்கித் தந்தான் என்று உனக்கு எழுதினேனே, அது அவன் தலையில் நான் வைத்த பழி. அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, கடைசியில் நேற்று அவனிடமே கேட்டுவிட்டேன், "தம்பி, இவ்வளவு பண்றியே, உனக்கு இதுல என்ன கிடைக்குது?" என்று. அவன் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒண்ணும் கிடைக்கல அண்ணே. ஒன்பதாவது கட்டத்துல தப்பா எழுதிட்டு, பிடிச்ச வரியத் திரும்ப வாங்க ஒரு வருஷம் என் மேஜைக்குத்தான் நடப்பீங்க. உங்களால நடக்க முடியாது. எனக்கும் தினம் உங்க மூஞ்சியப் பாக்க முடியாது" என்றான். இரண்டு மாதம் தேடிய கமிஷன் இவ்வளவுதான். இனி அவனைக் கொக்கு என்று கூப்பிடக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன். வேறு பேர் கிடைக்கும் வரைக்கும் கொக்கு.

வயசைக் குறைத்துச் சொன்னது நான்தான் என்பதையும் அவனிடம் ஒப்புக்கொண்டேன். அவனுக்கு முன்பே தெரியுமாம். இரண்டு கணக்கையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தவன்தானே. "பழைய கணக்கை மெதுவா, நேரா சொல்லித் திருத்திக்கலாம். வேலையை விட்டவர மேனேஜர் என்ன பண்ணிடுவாரு?" என்றான். அஞ்சு வருஷம் நான் சுமந்த பயம் அவன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இறங்கிவிட்டது. அட்டைக்கட்டை விட அதுதான் பாரமாக இருந்ததோ என்னவோ.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதுக்கு வருகிறேன். மூன்று பக்கம் சுற்றி வந்தாயிற்று.

அடைப்பை எடுக்க அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். வார்டில் ஒரு தாள் கொடுத்தார்கள். கூட இருப்பவர் பெயர் என்று ஒரு கட்டம். அதை மட்டும் நான் காலியாக விடவில்லை. யாரையும் கேட்காமல் உன் பேரை எழுதிவிட்டேன். நர்ஸ், "வருவாங்கள்ல?" என்று கேட்டாள். "வராம என்ன, திட்டறதுக்காவது வருவா" என்று சொல்லியிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றிவிடு.

அந்த வீட்டுக்காரர்கள் லீவு தர யோசித்தால் சர்டிபிகேட் நகலைக் காட்டு. இந்தக் கடிதத்தையும் காட்டு. படுக்கையிலிருக்கும் அம்மாவுக்கு மாற்று ஆள் கிடைக்கும். எனக்குக் கிடைக்காது.

படிவத்தை இந்தத் தடவை அனுப்பவில்லை. கொக்கிடமே இருக்கிறது. மனைவி நேரில் வந்தால் ஆபீஸிலேயே அவன் முன்னால் கையெழுத்துப் போடலாமாம். பணமும் கடைக்காரர் சொன்ன கெடுவுக்குள் வந்துவிடும் என்கிறான். செருப்புக்கடைக்காரருக்கு வேறு இடம் தேடச் சொல்லிவிட்டேன். ஒன்பதாவது கட்டத்தில் இருப்பது என் கையால் எழுதிய, என் வாயால் சொல்லாத உண்மை. வந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படி. சந்தேகம் இருந்தால் டாக்டரம்மாவைக் கேள், கொக்கைக் கேள், என் மார்பில் காதை வைத்து நீயே கேள். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டு. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடு.

போனை நூல்கண்டுகளுக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சார்ஜில் போடப்போகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. மூச்சு வாங்கினால் வாங்கட்டும், இந்தத் தடவை மறைக்காமல் பேசுகிறேன்.

வழியில் பத்திரம். ஜன்னல் ஓரம் உட்கார். பையை மடியில் வை. நீ வந்து சேரும் வரைக்கும் நான் மாடி ஏறமாட்டேன், சத்தியம்.

எந்த வயசாக இருந்தாலும்,
உன் வீட்டுக்காரன்